பரீட்சை வயலின் கணக்கில் எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது?

(புதியம்புத்தூர் விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதியது)

புதிய சாகுபடி முறை ஒன்றைப் பற்றிக் குடியானவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "ஏக்கருக்கு எவ்வளவு கூடக் காணும்?" என்பதே. கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூறும் பொருட்டே பரீட்சை வயல்கள் வைக்கப்படுகின்றன. புது முறையை ஒரு பகுதியிலும் வழக்கமான முறையை மற்றொரு பகுதியிலும் கையாண்டு, இரண்டின் மகசூலையும் நிறுத்துப் பார்த்து, மிகுதியைக் கூறிவிடலாம் என்று தோன்றும். ஆயினும், அம்மிகுதி முழுவதும் புது முறையினால் வந்ததா, அன்றி நிலத்தின் வளத்தினாலோ பயிரின் நெருக்கத்தினாலோ வந்ததா என்பதை ஆராயாமல், அந்த எண்ணை நம்பிக் கைமுதலைப் போடுவது விவேகமாகாது.

கரிசல் பூமியில் இந்த எச்சரிக்கை மிகவும் அவசியம். கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் தாலுகாக்களில் ஒரே சர்வே எண்ணுக்குள்ளேயே மண்ணின் ஆழம் இடத்துக்கு இடம் மாறுவதைக் குடியானவர்கள் நன்கு அறிவர். மேட்டுப்பக்கம் முழங்கால் ஆழத்திலேயே சுக்கான் தட்டும். பள்ளப்பக்கம் இடுப்பளவு தோண்டினாலும் கருமண்ணே வரும். இப்பகுதியின் ஆண்டு மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. மழை நின்றபின், மண்ணில் தங்கிய ஈரத்தைக் கொண்டே பயிர் முற்ற வேண்டும். ஆழமான மண்ணில் ஈரம் மிகுதி. ஆகவே மகசூலும் மிகுதி. புது முறை பள்ளப்பக்கத்தில் வைக்கப்பட்டால் மண்ணுக்குரிய புகழ் முறைக்குப் போய்விடும். மேட்டுப்பக்கத்தில் வைக்கப்பட்டால் மண்ணுக்குரிய பழி முறையின் மேல் விழும்.

இவ்வாறு மகசூலை ஏற்றவும் இறக்கவும் வல்ல பிற காரணங்களைக் கணக்கில் சேர்த்துத் திருத்தம் செய்து பார்க்கும் வழி ஒன்று உண்டு. அது மிகவும் பயனுள்ள வழி. ஆனால் சேர்க்கத்தக்கதைச் சேர்த்தால் உண்மை துலங்குவது போலவே, சேர்க்கத்தகாததைச் சேர்த்தால் உண்மை மறைந்துபோகும். எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பதை எவ்வாறு தீர்மானிப்பது என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துணைக் காரணம் என்பது யாது?

நாம் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் சாகுபடி முறை முதற் காரணம். அதனைத் தவிர, மகசூலோடு தொடர்புடையதாய், ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனித்தனியே அளந்து எழுதக்கூடியதாய் உள்ள பிறிதொன்றைத் துணைக் காரணம் என்று இங்கு வழங்குவோம். புள்ளியியலார் இதனை இணைமாறி என்பர். மண்ணின் ஆழம், நிலத்தின் சரிவு, சென்ற ஆண்டு அதே துண்டில் கண்ட மகசூல், முளைத்து நின்ற செடிகளின் எண்ணிக்கை, களையின் எடை, பூச்சி அரித்த செடிகளின் எண்ணிக்கை ஆகிய யாவும் இவ்வகையில் அடங்கும். இவை யாவும் அளக்கத்தக்கவையே; ஆனால் யாவும் சேர்க்கத்தக்கவை அல்ல.

தேயிலைத் தோட்டத்தில் தெளிந்த முறை

இம்முறை நூலேறியதில் இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் பங்குண்டு என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925-ல் நிறுவப்பட்டது. இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் ஆர். ஏ. ஃபிஷருடன் சேர்ந்து பணியாற்றிய டி. ஈடன் என்பவர், பின்னர் அந்நிலையத்தில் தேயிலை மகசூல் பரீட்சைகளை நடத்தினார். திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய ஜில்லாக்களிலிருந்து குடிபெயர்ந்த நம்மவர் குடும்பங்கள் கொழுந்து பறித்து வந்த மலைநாடு அது.

தேயிலைச் செடி பல ஆண்டுகள் நிற்பது. ஒரு துண்டில் உள்ள செடிகள் இயல்பிலேயே செழித்தவை. மற்றொரு துண்டில் உள்ளவை நலிந்தவை. இவ்வேறுபாட்டை ஒழிக்க இயலாது. ஆனால் அளக்க இயலும். எந்த உரமும் முறையும் மாற்றாமல், முதலில் ஒரு காலம் முழுவதும் ஒவ்வொரு துண்டின் கொழுந்தையும் நிறுத்து எழுதிவைத்தால், பின்னர் நடத்தும் பரீட்சையில் எந்தத் துண்டு முன்னமே செழித்தது, எது நலிந்தது என்பதை அறிந்து அதற்குத் தக்கவாறு திருத்திக்கொள்ளலாம். ஈடன் 1931-ல் வெளியிட்ட விவரங்களிலிருந்து 16 துண்டுகளின் எடைகளை எடுத்துக்கொண்டு, ஃபிஷர் தம் புள்ளியியல் நூலின் 1932-ஆம் ஆண்டுப் பதிப்பில் இத்திருத்தக் கணக்கை விளக்கினார். உடன்மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்று இன்று கல்லூரிகளில் கற்பிக்கப்படுவது இதுவே. நம் நாட்டில் பருத்தி ஆராய்ச்சியில் பேர்பெற்ற வி. ஜி. பான்சே அவர்களும் பி. வி. சுகாத்மே அவர்களும் சேர்ந்து எழுதி 1954-ல் வெளிவந்த நூல், இத்தகைய கணக்குகளை விவசாய ஊழியர்களின் கைக்கெட்டச் செய்தது.

தேயிலைக்குச் சொன்னது அப்படியே பருவப் பயிருக்குப் பொருந்தாது. உளுந்துக்கும் பருத்திக்கும் ஓராண்டு வெறும் அளவெடுப்புக்காகவே பயிர் செய்வது செலவும் காலமும் பிடிப்பது. மேலும் இவ்வாண்டு மழை வேறு, அடுத்த ஆண்டு மழை வேறு. அந்த உழைப்பைக் கொண்டு பரீட்சையையே இரண்டு ஆண்டுகள் நடத்துவது பெரும்பாலும் மேலானது. ஆனால் கரிசலில் மண்ணின் ஆழம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. அதனை அளக்க மண் துளைக்கும் கருவியும் அரை நாள் வேலையுமே போதும். செலவு சிறிது, பயன் பெரிது என்ற வகையில் இதற்கு ஈடான துணைக் காரணம் நம் பகுதியில் வேறில்லை எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

கணக்கின் போக்கு விளங்குமாறு கற்பனையாக அமைத்த எடுத்துக்காட்டு ஒன்றைக் கீழே தருகிறோம். எண்கள் எந்த வயலிலும் எடுத்தவை அல்ல. உண்மை வயலில் எண்கள் இவ்வளவு ஒழுங்காய் அமையமாட்டா.

மானாவாரி உளுந்தில், மழைநீரைத் தேக்கப் பகுதிப் பாத்தி கட்டுவதால் மகசூல் கூடுமா என்று பார்க்க, 5 சென்ட் அளவுள்ள 8 துண்டுகள் எடுக்கப்பட்டன என்று கொள்வோம். திருவுளச் சீட்டுப் போட்டு 4 துண்டுகளில் பாத்தி கட்டப்பட்டது. 4 துண்டுகள் கட்டாமல் விடப்பட்டன. விதைப்புக்கு முன்பே ஒவ்வொரு துண்டிலும் கரிசலின் ஆழம் அளக்கப்பட்டது.

பாத்தி கட்டிய துண்டுகள்:
ஆழம் 70 செ.மீ. – மகசூல் 13.7 கிலோ
ஆழம் 80 செ.மீ. – மகசூல் 14.3 கிலோ
ஆழம் 90 செ.மீ. – மகசூல் 15.3 கிலோ
ஆழம் 100 செ.மீ. – மகசூல் 16.7 கிலோ
சராசரி ஆழம் 85 செ.மீ.; சராசரி மகசூல் 15 கிலோ.

பாத்தி கட்டாத துண்டுகள்:
ஆழம் 50 செ.மீ. – மகசூல் 10.3 கிலோ
ஆழம் 60 செ.மீ. – மகசூல் 11.7 கிலோ
ஆழம் 70 செ.மீ. – மகசூல் 12.7 கிலோ
ஆழம் 80 செ.மீ. – மகசூல் 13.3 கிலோ
சராசரி ஆழம் 65 செ.மீ.; சராசரி மகசூல் 12 கிலோ.

மேலோட்டமாகப் பார்த்தால் 5 சென்டுக்கு 3 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ பாத்தியினால் கூடியதாகத் தோன்றும். ஆனால் சீட்டு விழுந்த விதத்தில், பாத்தி கட்டிய துண்டுகளுக்குச் சராசரியாக 20 செ.மீ. அதிக ஆழம் வாய்த்துவிட்டது. ஒரே ஆழமுள்ள துண்டுகளை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். 70 செ.மீ. ஆழத்தில் பாத்தி கட்டியது 13.7, கட்டாதது 12.7. 80 செ.மீ. ஆழத்தில் கட்டியது 14.3, கட்டாதது 13.3. இரண்டிலும் வேற்றுமை 1 கிலோவே.

எட்டுத் துண்டுகளையும் பயன்படுத்தும் வழி இது. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் ஆழம் 10 செ.மீ. கூடும்போது மகசூல் எவ்வளவு கூடுகிறது என்று கணக்கிட்டால், இரு தொகுதிகளிலும் சராசரியாக 1 கிலோ என்று கிடைக்கிறது. எல்லாத் துண்டுகளுக்கும் பொதுச் சராசரி ஆழம் 75 செ.மீ. பாத்தி கட்டிய தொகுதி பொதுச் சராசரியைவிட 10 செ.மீ. ஆழமானது, ஆகவே 15-லிருந்து 1 கிலோவைக் கழிக்க 14 ஆகும். கட்டாத தொகுதி 10 செ.மீ. குறைந்தது, ஆகவே 12-உடன் 1 கிலோவைக் கூட்ட 13 ஆகும். திருத்திய வேற்றுமை 1 கிலோ. ஏக்கருக்கு 20 கிலோ.

60 கிலோ என்று நம்பிப் பாத்தி கட்டும் கூலியை மதிப்பிடுபவர் ஒரு முடிவுக்கு வருவார். 20 கிலோ என்று அறிந்தவர் மற்றொரு முடிவுக்கு வரக்கூடும். இங்கு குடியானவரின் பணம் இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

இதனால் திருத்தம் எப்போதும் மிகுதியைக் குறைக்கும் என்று எண்ண வேண்டா. ஆழங்குறைந்த துண்டுகள் புது முறைக்கு விழுந்திருந்தால், மறைந்து கிடந்த மிகுதியைத் திருத்தம் வெளிப்படுத்தியிருக்கும். திருவுளச் சீட்டைப் பலமுறை போட்டுப் பரீட்சை செய்தால் இவ்வேறுபாடுகள் இருபுறமும் சமமாகிவிடும். ஆகவே சீட்டுப் போட்ட பரீட்சையில், திருத்தம் செய்யாத கணக்கு ஒருபக்கச் சாய்வுடையது அன்று. ஆனால் ஆட்டம் மிகுந்தது. நம் எடுத்துக்காட்டில் பாத்தி கட்டிய நான்கு துண்டுகளின் மகசூல் 13.7 முதல் 16.7 வரை ஓடுகிறது. திருத்திய பின்னரோ நான்கும் 13.8-க்கும் 14.2-க்கும் இடையே அடங்கிவிடுகின்றன. கட்டாதவை 12.8-க்கும் 13.2-க்கும் இடையே அடங்குகின்றன. இரைச்சல் குறைந்தால் மெல்லிய குரலும் கேட்கும் என்பதே திருத்தத்தின் முதற் பயன்.

கணக்கிடுவோர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஆழத்துக்கும் மகசூலுக்கும் உள்ள விகிதத்தை ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் பார்த்தே எடுக்க வேண்டும். எட்டுத் துண்டுகளையும் வேறுபாடின்றிக் கலந்து எடுத்தால், பாத்தியினால் வந்த மிகுதியில் ஒரு பங்கு ஆழத்தின் கணக்கில் ஏறி, வேற்றுமை ஏறக்குறைய அரைக் கிலோவாகச் சுருங்கிவிடும். இரண்டாவதாக, விகிதம் இரு தொகுதிகளிலும் ஏறக்குறைய ஒன்றாயிருக்க வேண்டும். பாத்தி மேட்டு நிலத்தில் மிகவும் உதவி, ஆழமான நிலத்தில் உதவாமற் போகுமானால், ஒரே எண்ணைக் கூறுவது தவறு. இன்ன ஆழத்துக்கு இன்ன பயன் என்று பிரித்தே கூற வேண்டும்.

சேர்க்கலாகாதவை

மண்ணின் ஆழத்தைச் சேர்த்தது ஏன் நியாயம்? பாத்தி கட்டுவதற்கு முன்பே அந்த ஆழம் அங்கிருந்தது. பாத்தி அதனை மாற்றவில்லை. இதுவே உரைகல். சாகுபடி முறையினால் மாறக்கூடிய எதனையும் துணைக் காரணமாகச் சேர்த்து மகசூலைத் திருத்தலாகாது.

விதையைக் கடினப்படுத்துதலை எடுத்துக்கொள்வோம். மானாவாரிப் பருத்தி விதையைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைப்பது, குறைந்த ஈரத்திலும் முளைப்பு நன்றாயிருக்கும் பொருட்டுச் செய்யப்படுவது. ஒரு கற்பனைக் கணக்கு: கடினப்படுத்திய விதையிட்ட 5 சென்டில் 2,400 செடிகள் நின்று 12 கிலோ பருத்தி கண்டது, சாதாரண விதையிட்ட 5 சென்டில் 1,800 செடிகள் நின்று 9 கிலோ கண்டது. செடி எண்ணிக்கை வேறுபடுகிறதே, அதற்குத் திருத்தம் செய்யலாம் என்று ஒருவர் புறப்பட்டால், செடிக்கு 5 கிராம் வீதம் இரண்டும் சமம் என்றும், கடினப்படுத்துவதில் ஒரு பயனும் இல்லை என்றும் முடிவு கட்டிவிடுவார். முளைப்பைக் கூட்டுவதே அம்முறையின் வேலை. அது செய்த வேலையைக் கழித்துவிட்டு, அது என்ன செய்தது என்று கேட்பது, சமையலில் உப்பின் சுவையைக் கழித்துவிட்டு உப்பிட்டதனால் என்ன பயன் என்று கேட்பதற்கு ஒக்கும்.

அதே செடி எண்ணிக்கை வேறொரு பரீட்சையில் சேர்க்கத்தக்கதாகலாம். தழைச்சத்தை மேலுரமாக இடும் பரீட்சையில், உரமிடுவதற்கு முன்பே மயிலோ காட்டுப்பன்றியோ புகுந்து சில துண்டுகளில் நாற்றை அழித்துவிட்டால், அப்போது நின்ற செடிகளை எண்ணிக் கணக்கில் சேர்ப்பது முறையே. அழிவு உரத்துக்கு முந்தியது. உரம் அதற்குப் பொறுப்பன்று. ஆகவே "செடி எண்ணிக்கையைச் சேர்க்கலாமா?" என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. எந்தப் பரீட்சையில், எப்போது எண்ணியது என்று கேட்ட பின்னரே விடை கூறலாம். விதை நேர்த்தி மருந்தின் வாடைக்கு அஞ்சிப் பறவைகள் விலகியிருந்தால், பறவையால் வந்த அழிவும்கூட முறையின் விளைவாகவே கருதத்தக்கது.

முன்பருவ விதைப்பு இதனினும் நுட்பமானது. பருவமழைக்கு முன்னரே புழுதியில் விதைப்பதையும், மழை பெய்து ஈரங்கண்ட பின் விதைப்பதையும் ஒப்பிடும்போது, பயிர் நின்ற காலத்தில் பெற்ற மழையைத் துணைக் காரணமாகச் சேர்க்கலாம் என்று தோன்றும். மழை வானத்திலிருந்து வருவது. அதனை முறை மாற்றாது அல்லவா? மழையை மாற்றாது, ஆனால் பயிர் பெறும் மழையை விதைப்பு நாள் மாற்றுகிறது. முதல் மழையை வீணாக்காமல் பயிருக்கு அளிப்பதே முன்பருவ விதைப்பின் சிறப்பு. அதனைத் திருத்திக் கழித்தால் சிறப்பே போய்விடும்.

களை எடுக்கும் முறைகளை ஒப்பிடும்போது களையின் எடையும், ரகங்களை ஒப்பிடும்போது பூச்சிச் சேதமும் இத்தகையனவே. 2018 முதல் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைத் தாக்கிவரும் படைப்புழுவின் சேதத்தை அளந்து திருத்தி, இரண்டு ரகங்களும் சமம் என்று கூறினால், புழுவைத் தாங்கும் ரகத்துக்கு அநீதி செய்தவராவோம்.

எனினும் இவ்வளவுகளை எடுக்கவே வேண்டா என்று கூறவில்லை. முறை எவ்வழியாகப் பயன் தந்தது என்பதை ஆராய இவை உதவும். மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கொல்லும் மருந்தினால் மகசூல் கூடினால், அது புழுக் குறைந்ததால்தானா என்று பார்க்கப் புழுவின் எண்ணிக்கையைக் கணக்கில் சேர்க்கலாம் என்று டபிள்யூ. ஜி. காக்ரன் 1957-ல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். ஆனால் அது வேறு கேள்வி. "எவ்வளவு பயன்?" என்பதற்கு ஒரு கணக்கு, "எவ்வழியாகப் பயன்?" என்பதற்கு மற்றொரு கணக்கு. ஒன்றின் விடையை மற்றொன்றுக்கு வழங்கலாகாது.

சீட்டுப் போடாத ஒப்பீடு

மேற்கூறியவை திருவுளச் சீட்டுப் போட்டு வைத்த பரீட்சைக்கு உரியவை. ஊரில் பெரும்பாலும் நடப்பது வேறு. புது ரக மக்காச்சோளம் விதைத்த பத்துப் பேரின் மகசூலையும், பழைய ரகம் விதைத்த பத்துப் பேரின் மகசூலையும் ஒப்பிட்டுப் பேசுகிறோம். புது ரகத்தை முதலில் வாங்குவோர் யார்? பெரும்பாலும் ஆழக் கரிசல் உடையவர். சொந்த டிராக்டர் இருப்பதால் முதல் ஈரத்திலேயே விதைக்க வல்லவர். உரத்துக்குக் கடன் தேடாதவர். இவை யாவும் ரகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம், மகசூலுக்கும் காரணம். இவ்வாறு இரண்டுக்கும் பொதுவாய் முன்னின்ற காரணங்களைச் சேர்க்காமல் விட்டால் கணக்கு ஆடுவது மட்டுமன்று, ஒருபக்கமாகவே சாய்ந்துவிடும். சீட்டுப் போட்ட பரீட்சையில் துணைக் காரணத்தைச் சேர்ப்பது நுட்பத்துக்காக. சீட்டுப் போடாத ஒப்பீட்டில் அது நேர்மைக்காக. அளக்காத காரணங்களை எந்தக் கணக்கும் திருத்தாது என்பதையும் நினைவில் வைத்து, இத்தகைய ஒப்பீட்டின் முடிவை அடக்கத்தோடு கூற வேண்டும்.

கருகிய துண்டுகளை நீக்கலாமா?

வறட்சி ஆண்டுகளில் சில துண்டுகள் கருகிவிடும். "அவற்றை விட்டுவிட்டு, விளைந்தவற்றை மட்டும் ஒப்பிடுவோம்" என்பது எளிதில் வரும் யோசனை. அதுவும் ஒருவகைத் திருத்தமே, மிகவும் ஆபத்தானது. பாத்தி கட்டாத நான்கில் மேட்டுப்பக்கத்து இரண்டு கருகி, ஆழமண் உள்ள இரண்டு பிழைத்தன என்று வைத்துக்கொள்வோம். பிழைத்த இரண்டின் சராசரியை எடுத்து, பாத்தி கட்டிய நான்கோடு ஒப்பிட்டால், பாத்தி கட்டாமையே மேல் என்றுகூடத் தோன்றலாம். பயிரைக் கருகாமல் காத்ததே பாத்தியின் பயன் என்பது கணக்கில் மறைந்துபோகும். ஆகவே கருகிய துண்டுக்கு மகசூல் இன்மை என்று எழுதிக் கணக்கில் வைக்க வேண்டும். ஆடுமாடு புகுந்து மேய்ந்தது போன்று, முறைக்குச் சிறிதும் தொடர்பில்லாத காரணத்தால் அழிந்த துண்டை மட்டும், காரணத்தை எழுதிவைத்து நீக்கலாம்.

எத்தனை, எப்போது?

எட்டுத் துண்டுகள் எட்டுச் சாட்சிகளை ஒக்கும். கணக்கில் சேர்க்கும் ஒவ்வொரு துணைக் காரணமும், தன் விகிதத்தை அறிவதற்காக ஒரு சாட்சியைச் செலவிட்டுவிடுகிறது. மகசூலோடு வலிய தொடர்புள்ள ஒன்று அச்செலவைப் பன்மடங்காகத் திருப்பித் தரும். தொடர்பில்லாதவற்றை அடுக்கினால் சாட்சிகள் தீர்ந்து வழக்கு நிற்காது. சிறு பரீட்சைக்கு ஒன்று போதும். இரண்டுக்கு மேல் அரிது.

எவற்றைச் சேர்ப்பது என்பதை விதைப்புக்கு முன்பே தீர்மானித்து நோட்டில் எழுதிவிட வேண்டும். அறுவடைக்குப் பின் பத்துத் துணைக் காரணங்களை ஒவ்வொன்றாய்ச் சேர்த்துப் பார்த்தால், விரும்பிய விடையைத் தரும் ஒன்று எப்படியும் அகப்படும். விதை விற்பவருக்கும் உர வியாபாரிக்கும் மட்டுமன்று, புது முறையில் ஆர்வமுள்ள டிமான்ஸ்ட்ரேட்டருக்கும் இச்சபலம் உண்டு. மனித மருந்துப் பரீட்சைகளிலும் இதே விதிதான். திருத்தத்துக்கு எடுக்கும் அளவுகள் மருந்து தொடங்குமுன் எடுத்தவையாய், முன்கூட்டியே குறிக்கப்பட்டவையாய் இருக்க வேண்டும் என்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் காணலாம். கணக்கை வெளியிடும்போது, திருத்தாத வேற்றுமை, திருத்திய வேற்றுமை ஆகிய இரண்டையும் அருகருகே தருவது வாசகருக்கு நேர்மை.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யக்கூடியது

இக்கணக்குகளுக்கு வேண்டிய விவரங்களிற் சில கிராமக் கணக்குகளிலேயே உள்ளன. அடங்கலில் சர்வே எண் வாரியாகப் பயிர் குறிக்கப்படுகிறது. நிலவரித் திட்டக் காலத்தில் நிர்ணயித்த மண் வகையும் தரமும் பழைய பதிவேடுகளில் காணப்படும். அவை எந்தப் புது முறைக்கும் முந்தியவை; ஆகவே துணைக் காரணமாகக் கொள்ளத்தக்கவை. விதைத்த தேதியையும் சேர்த்துக் குறித்துவைத்தால், ஊர் ஒப்பீடுகள் பெரிதும் தெளிவடையும். பயிர் அறுவடைப் பரிசோதனைக்குச் சீட்டில் விழுந்த சர்வே எண்ணில் பயிர் நலிந்திருக்கிறது என்று கருதி, பக்கத்து வயலுக்கு மாற்றுவது எக்காரணங்கொண்டும் கூடாது. அந்த எண்ணைக் கொண்டே ஊராருக்குரிய பயிர்க் காப்பீட்டுத் தொகை தீர்மானிக்கப்படுகிறது. கருகிய வயலைத் தவிர்த்த ஓர் எண், கருகிய வயலின் சொந்தக்காரருடைய வாயை அடைப்பதற்கு ஒக்கும்.

சுருக்கம்

1. சாகுபடி முறையைக் கையாளுமுன்பே இருந்ததும், அதனால் மாறாததும் ஆகிய காரணத்தைச் சேர்க்கலாம்.

2. மகசூலோடு தொடர்புள்ளதையே சேர்க்க வேண்டும். நம் கரிசலில் மண்ணின் ஆழம் முதலிடம் பெறத்தக்கது.

3. முறையினால் மாறக்கூடிய செடி எண்ணிக்கை, களை, பூச்சிச் சேதம் முதலியவற்றைக் கொண்டு மகசூலைத் திருத்தலாகாது. முறையின் வழியை ஆராயத் தனியே பயன்படுத்தலாம்.

4. சீட்டுப் போடாத ஒப்பீட்டில், முறையைத் தேர்ந்தெடுக்கவும் மகசூலை மாற்றவும் காரணமானவற்றை விடாமல் சேர்க்க வேண்டும்.

5. முறையின் குறையால் கருகியிருக்கக்கூடிய துண்டுகளை நீக்கலாகாது.

6. எதைச் சேர்ப்பது என்பதை விதைக்குமுன் எழுதிவைத்து, திருத்தாத எண்ணையும் திருத்திய எண்ணையும் சேர்த்தே கூற வேண்டும்.

கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கப்பெற்று, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடைபெறும் ஆராய்ச்சி நிலையம் நூறாண்டுக்கு மேலாக இக்கரிசலுக்கென்றே பரீட்சைகள் நடத்தி வருகிறது. எனினும் அந்நிலையத்து மண் வேறு, புதியம்புத்தூரிலும் ஓட்டப்பிடாரத்திலும் உள்ள அவரவர் காட்டு மண் வேறு. ஆகவே குடியானவர்கள் புது முறையைத் தம் நிலத்தில் சிறு அளவில் சோதித்துப் பார்த்தே விரிவாகக் கையாள்வது உசிதம். வருகிற புரட்டாசி விதைப்புக்கு முன், சோதனைக்கு எடுக்கும் ஒவ்வொரு துண்டிலும் கரிசல் எவ்வளவு ஆழம் என்று அளந்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார்களாக. அதன் பின்னர் மகசூலை நிறுக்கும்போது, கூடக் கண்டது மண்ணால் எவ்வளவு, முறையால் எவ்வளவு என்பதை அவர்களே பிரித்தறியலாம்.